ஆறாம் நம்பர் டேப்பட்

டூ-வீலர் வைத்திருக்கும் எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. வண்டியை மெக்கானிக்கிடம் விடுகிறீர்கள். ஓர் உதை உதைக்கிறார். ஆக்ஸிலேட்டரை இரண்டு முறுக்கு முறுக்குகிறார். தலையைச் சாய்த்து, நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, ‘‘டேப்பட் அடிக்குது சார்’’ என்கிறார். நாமும் ஏதோ புரிந்த மாதிரி, ‘‘அப்படியா? பார்த்துப் பண்ணுங்க’’ என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஷேர் ஆட்டோ பிடிக்கிறோம். டேப்பட் என்றால் என்ன, அது யாரை அடிக்கிறது, ஏன் அடிக்கிறது... கேட்பதில்லை. கேட்டால் பில் ஏறிவிடுமோ என்று ஒரு பயம்.

எனக்கு இதற்கெல்லாம் பதில் தெரியும். ஐந்து வாரம் ஒரு ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அதுவும் சாதாரண வண்டி இல்லை. 1966-ம் வருஷத்து எம்.ஜி.பி. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடித்து வைக்கலாம், சிவப்பு. பி.காம். படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பேரம் பேசுகிற வேலை.

முதலில் வண்டியைப் பற்றி. எம்.ஜி. என்றால் மோரிஸ் காரேஜஸ். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கார் வியாபாரக் கடையாகப் பிறந்த பெயர். (2019-லிருந்து நம் ஊரில் விற்கிற எம்.ஜி. கார்களில் இருப்பது அந்தப் பெயர்தான்; ஆட்கள் வேறு.) எம்.ஜி.பி. 1962-லிருந்து 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் தயாரானது. கூரை போட்ட மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல். 1798 சி.சி. என்ஜின், 95 குதிரை சக்தி. இன்றைக்கு ஒரு சாதா ஹாட்ச்பேக்கே அந்த அளவுக்குக் கிட்டே வந்துவிடும். ஆனால் ஹாட்ச்பேக்கைப் பார்த்து யாரும் பஸ் ஜன்னலிலிருந்து கழுத்தை நீட்டுவதில்லை.

நம் ஊருக்கு அந்த என்ஜின் ஒன்றும் அந்நியமில்லை. அதற்கு ‘பி சீரிஸ்’ என்று பெயர். அந்தக் குடும்பத்து 1489 சி.சி. தம்பிதான் நம் பெட்ரோல் அம்பாஸடரில் வெகு காலம் உழைத்தது. அதே 1489 சி.சி.க்கு இரண்டு கார்புரேட்டர் மாட்டி ‘எம்.ஜி.ஏ.’ என்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் 1955-ல் விட்டார்கள். ஆக, நம் மந்திரிகளும் கலெக்டர்களும் சென்ட்ரல் ஸ்டேஷன் டாக்ஸிக்காரர்களும் காலம் காலமாக ஓட்டியது ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினின் கூடப்பிறந்ததைத்தான். அவர்கள் அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த ரத்த சம்பந்தத்தால்தான் எம்.ஜி.பி., பாயிடம் வந்தது.

வண்டியின் சொந்தக்காரர் என் பழைய மேனேஜர். நான் கம்பெனியில் நாலு வருஷம் குப்பை கொட்டிய காலத்தில் வவுச்சரில் பத்து பைசா உதைத்தாலும் கூப்பிட்டு நிற்க வைப்பவர். 1981-ல் நீலகிரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டியை இவர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் மாமியும் மகாபலிபுரம் வரை போய் வருவார்கள். மாமி 2019-ல் தவறிப்போனதிலிருந்து வண்டி அதிகம் வெளியே வரவில்லை. இப்போது பெண் வீட்டோடு போகப்போகிறார். அங்கே ஃபிளாட். ஒரு வீட்டுக்கு ஒரு பார்க்கிங்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய கார் பிரியர், விஷயம் தெரிந்தவர், மரியாதையானவர். என்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டார். டிக் டிக் டிக் டிக். ‘‘என்ஜினு பிரிச்சு வேலை பார்க்கணுமுங்க. ரெண்டரை லட்சம் கொறச்சுக்கறனுங்க’’ என்றார். சார் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எனக்கு ஃபோன். ‘‘நீ காமர்ஸ்காரன்தானேப்பா? கூட வந்து பேசு. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடியும் வர்றார்.’’

ஞாயிறு வருவதற்குள் அந்த டிக் டிக் என்ன என்று பார்க்க வேண்டும். பாயிடம் போனோம்.

பாய்க்கு எழுபதை ஒட்டி வயசு. பதிமூன்று வயதில் டாக்ஸி ஷெட்டில் ஸ்பேனர் எடுத்தவர். அவர் கை வைக்காத அம்பாஸடர் அந்த ஏரியாவில் இருந்ததில்லை. 2014-ல் அம்பாஸடர் உற்பத்தி நின்ற பிறகு ஷெட்டில் கூட்டம் குறைந்துவிட்டது. இப்போது அவரும், உதவிக்கு ஒரு பையனும், ஒரு பூனையும்.

பாய் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை என்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ‘‘ஆறாம் நம்பர்’’ என்றார்.

*

இங்கே கொஞ்சம் டேப்பட் புராணம் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் பாஷையில் சொன்னால் சுலபம்.

என்ஜினுக்குள் பெட்ரோல் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகள் என்ற கதவுகள் உண்டு. இந்த என்ஜினில் எட்டு. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற எம்.டி., கேம் ஷாஃப்ட். முட்டை வடிவில் எட்டு மேடுகள் உள்ள ஒரு தண்டு. பாய் அந்த மேட்டை ‘மூக்கு’ என்பார். எம்.டி. கீழே என்ஜினின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறார்; கதவோ மாடியில். நடுவில் ஆட்கள் வேண்டுமே? மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிற பி.ஏ.தான் டேப்பட். கட்டை விரல் கனத்தில், அடி மூடிய சின்ன இரும்புக் குவளை. அவர் தலையில் நிற்கிற நீளக் கம்பி, புஷ் ராட். அது மாடிக்குப் போய் ராக்கர் என்ற செக்ஷன் ஆபீஸரை இடிக்க, அவர் வால்வை அழுத்த, கதவு திறக்கிறது. மூக்கு இறங்கினதும் ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடுகிறது.

என்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 1500. அதாவது நம் பி.ஏ. விநாடிக்கு 25 தடவை எழுந்து எழுந்து உட்காருகிறார். எந்த ஆபீஸிலும் இந்த உழைப்பைப் பார்க்க முடியாது.

சூடானால் இரும்பு நீளும். அதற்காக ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விட வேண்டும். இந்த வண்டிக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. மெக்கானிக் பாஷையில் பதினஞ்சு தவ். கிட்டத்தட்ட 0.38 மில்லிமீட்டர். இடைவெளி கூடிப்போனால் ராக்கர், வால்வைத் தள்ளாமல் தட்டும். அதுதான் டிக் டிக். ‘டேப்பட் அடிக்குது’ என்பதில் பாதி நேரம் டேப்பட் மேல் குற்றமே கிடையாது. மாடியில் நடக்கிற தகராறுக்குக் கீழே இருக்கிறவர் பெயர் அடிபடுகிறது. (இது எந்த ஆபீஸ் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

அதனால் பாய் எடுத்தவுடன் டேப்பட்டைக் குறை சொல்லவில்லை. இடைவெளியைச் சரியாக வைத்தார். சத்தம் நின்றது. ‘‘அவ்ளோதானா?’’ என்றார் சார், முகமெல்லாம் பல்லாக. ‘‘ஒரு நூறு கிலோமீட்டர் ஓட்டினு வா சார்’’ என்றார் பாய். ஓட்டிவிட்டு வந்தோம். டிக் டிக் டிக். ஃபீலர் கேஜ் போட்டுப் பார்த்தால் ஏழு வால்வில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஆறாவதில் மட்டும் இடைவெளி வளர்ந்திருக்கிறது.

அப்படி என்றால் எங்கேயோ இரும்பு கரைகிறது.

*

ராக்கரைக் கழற்றுவதிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி சீரிஸ் என்ஜினில் ராக்கரைப் பிடித்திருக்கிற நட்டுகளில் நாலு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவசரக்காரன் அந்த நாலை மட்டும் கழற்றினால் ஹெட் கோணிக்கொள்ளும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிட்டு, ஹெட்டின் பதினோரு நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்த வேண்டும். பையன் அதைச் செய்து முடிக்கிற வரை பாய் வாயே திறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு ராக்கரின் அடியை விரலால் தடவிப் பார்த்தார். அங்கே பள்ளம் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் அந்தப் பள்ளத்தின் மேல் பாலம் மாதிரி உட்கார்ந்து பொய் சொல்லும். டேப்பட்டை வீணாகச் சந்தேகப்பட வேண்டியிருக்கும். பள்ளமில்லை. ராக்கர் நிரபராதி.

அடுத்தது டயல் கேஜ். புஷ் ராட் தலையில் அதன் முள்ளை வைத்து, பிளக்கை எல்லாம் கழற்றி, நாலாவது கியரில் போட்டு, பையன் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ள, என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. புஷ் ராட் எவ்வளவு உயர்கிறதோ அதுதான் மூக்கின் உயரம். கால் அங்குலம், அதாவது 250 தவ் வர வேண்டும். பாய் சொல்லச் சொல்ல நான் என் நோட்டில் எழுதினேன். 249. 250. 248. 249. 250. ஆறாவதுக்கு வந்ததும் பாய் சும்மா இருந்தார். பையனை வண்டியைப் பின்னால் இழுத்து மறுபடி தள்ளச் சொன்னார். மறுபடியும் அதே எண்.

221.

‘‘இருபத்தொம்போது தவ் காணோம்’’ என்றேன் நான். நாலு வருஷம் சாரிடம் வேலை பார்த்த பழக்கம், கழித்தல் தானாக வந்துவிடுகிறது.

சார் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டார். ‘‘ஏன் பாய், தேஞ்சது டேப்பட்டாவும் இருக்கலாமில்லையா? கழட்டிப் பார்த்துடலாமே.’’

பாய் கழற்றினார். கார்புரேட்டர்கள், மேனிஃபோல்டு எல்லாம் வெளியே வந்தபின், என்ஜினின் பக்கவாட்டில் இரண்டு தகர மூடிகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே ஒரு போல்ட், உள்ளே கார்க் பாக்கிங். இந்த மூடிகள் பி சீரிஸைச் செய்த புண்ணியவான்கள் நமக்குக் கொடுத்த வரம். சிலிண்டர் ஹெட்டைத் தூக்காமலே, கையை விட்டு டேப்பட்டை எடுத்துவிடலாம். (அந்த ஒற்றை போல்டைப் பலசாலிகள் முறுக்கினால் மூடி வளைந்து ஆயுசுக்கும் ஆயில் கசியும். பழைய அம்பாஸடர் நின்ற இடத்தைக் கறையை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்பது ஞாபகம் இருக்கிறதா?)

புஷ் ராடை உருவும்போது பாய் வெடுக்கென்று இழுக்கவில்லை. இப்படியும் அப்படியும் திருகி, பிறகு எடுத்தார். அடியில் ஆயில் பிடித்திழுப்பதால் கம்பியோடு டேப்பட்டும் கூடவே எழுந்து வந்து விழுமாம். எட்டு டேப்பட்டும் வெளியே வந்தன. எட்டையும் கலக்காமல், அட்டைப்பெட்டியில் துளை போட்டு 1, 2, 3 என்று எழுதி வரிசையாக நிறுத்தினார்.

‘‘புது டேப்பட்டோட அடி தட்டையா இருக்கும்னு நெனப்ப. இருக்காது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நடுவுல உப்பி இருக்கும்’’ என்றார் பாய். அந்த உப்பலில்தான் சூட்சுமம். டேப்பட், மூக்குக்கு நேர் நடுவில் உட்காருவதில்லை. ஒரு பக்கமாகக் கொஞ்சம் தள்ளி உட்காருகிறது. அதனால் ஒவ்வொரு தடவை எழும்போதும் இத்தனூண்டு சுழலுகிறது. சுழன்றுகொண்டே இருப்பதால் தேய்மானம் முகம் முழுக்கச் சமமாகப் பரவுகிறது. சுழற்சி நின்றுவிட்டால் ஒரே இடத்தில் மூக்கு உரசும். உரசினால் பள்ளம். பள்ளம் விழுந்தால் அப்புறம் சுழலவே சுழலாது.

இரண்டு டேப்பட்டை எடுத்து, அடியோடு அடி ஒட்டி வைத்தார். மற்றவை லேசாகத் தள்ளாடின. நல்ல அறிகுறி, உப்பல் மிச்சமிருக்கிறது. ஆறாம் நம்பரை என் உள்ளங்கையில் வைத்தார். அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி குழிந்து, அம்மைத் தழும்பு மாதிரி பொத்தல் பொத்தலாக இருந்தது. ஸ்டீல் ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் காட்டினார். ஸ்கேலுக்கும் டேப்பட்டுக்கும் நடுவில் பிறை நிலா மாதிரி வெளிச்சம்.

டார்ச் அடித்துக் கேம் ஷாஃப்ட்டைப் பார்த்தோம். ஏழு மூக்கு பளபளப்பாக, எடுப்பாக. ஆறாவது மூக்கு மழுங்கிப்போய்க் கீறல் கீறலாக.

‘‘எப்படிய்யா ஆச்சு? ஆயில் எல்லாம் கரெக்டா மாத்தறேனே’’ என்றார் சார்.

‘‘இன்னா ஆயிலு?’’

புது கார்களுக்கு ஊற்றுகிற மெல்லிய சிந்தெடிக் ஆயில். விலை ஜாஸ்தி. நல்லதுதானே என்று ஒரு சர்வீஸ் நிலையத்தில் (பேர் வேண்டாம்) ஊற்றிவிட்டிருக்கிறார்கள். பாய் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ‘‘ரொம்ப நாள் ஓட்டாம நிப்பாட்டினதும் ஒரு காரணம் சார். மூக்குல ஆயில் காஞ்சி போயிருக்கும். அப்பால ஒரு நாள் ஸ்டார்ட் பண்ணா வறட்டு வறட்டுன்னு தேய்க்கும்’’ என்றார்.

இந்த ஆயில் விஷயத்தை வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். மூக்கும் டேப்பட்டும் தொடுகிற இடம் ஒரு மெல்லிய கோடு. வால்வு ஸ்பிரிங்கின் பாரம் முழுவதும் அந்தக் கோட்டின் மேல். அங்கே ஆயில் பிதுங்கி ஓடிவிடும். அதனால் பழைய ஆயில்களில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு மருந்தைத் தாராளமாகக் கலந்தார்கள். இஸட்.டி.டி.பி. என்று சுருக்கம். அது இரும்பின் மேல் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, இரும்புக்குப் பதில் தான் தேயும். ஆனால் பாஸ்பரஸ், புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு ஆகாது. (நம் நாலு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அது 1995-ல் கட்டாயமானது.) எனவே மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2004-ல் வந்த ‘ஏ.பி.ஐ. எஸ்.எம்.’ தரத்தில் மெல்லிய ரக ஆயில்களுக்குப் பாஸ்பரஸ் 0.08 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. புதுக் கார்களில் பெரும்பாலும் உருளைகள் வைத்து வேலை நடப்பதால் கவலையில்லை. உரசி வேலை செய்கிற பழைய டேப்பட்டுக்குத்தான் கஷ்டம். புகை குறைந்தது நமக்கெல்லாம் நல்லது. அந்த நன்மைக்கு ஆறாம் நம்பர் கொஞ்சம் விலை கொடுத்திருக்கிறார்.

*

அன்றைக்கு வியாழக்கிழமை. கோயம்புத்தூர்க்காரர் வர மூன்று நாள்.

சார் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். பிறகு அவராகவே பாயிடம் திரும்பி வந்து, ‘‘பாய், டேப்பட்டை மட்டும் மாத்திட்டா சத்தம் நிக்குமா, நிக்காதா?’’ என்று கேட்டார்.

‘‘நிக்கும் சார். இடைவெளி வெச்சா ஜம்முனு இருக்கும்.’’

‘‘எவ்வளவு நாள்?’’

‘‘மூக்கு கீறல் விழுந்து கீது. புது டேப்பட்டை அறுத்துரும். ஆயிரம் கிலோமீட்டரோ, ரெண்டாயிரமோ.’’

‘‘ஞாயித்துக்கிழமைக்குத் தாங்குமில்ல?’’

வவுச்சரில் பத்து பைசா விடாதவர் கேட்கிறார். எனக்குக் காலடியில் பூனையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. ரெண்டரை லட்ச ரூபாய் சின்னத் தொகை இல்லை. ரிட்டயர் ஆன மனிதருக்கு, பெண் வீட்டுக்குப் போகும்போது கையில் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் தப்பில்லை.

பாய் கையைத் துணியில் துடைத்தார். ‘‘செய்யறேன் சார். உன் வண்டி, நீ சொன்னா செய்யணும். ஆனா அந்த ஆளு வந்து ‘பாய், இன்னா வேலை பார்த்தே’ன்னு கேட்டா நான் ஆறாம் நம்பரைச் சொல்லிடுவேன். வண்டி கோயம்புத்தூர் போயிரும். நான் இங்கயேதான இருப்பேன்.’’

சார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. வண்டியின் கதவைத் திறந்து, இடது பக்க ஸீட்டில், மாமி உட்காருகிற பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் டீ வாங்கி வந்தான். டீ ஆறுகிற நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, ‘‘கோயம்புத்தூருக்கு ஃபோன் போட்டு ஒரு மாசம் டயம் கேளு’’ என்றார். பாயைப் பார்த்து, ‘‘கேம் ஷாஃப்ட்டும் சேர்த்து மாத்திடுங்க.’’

‘‘புதுப்பேட்டையில அம்பாஸடர் டேப்பட் கிடைக்காதா? அதே குடும்பம்தானே?’’ என்று நான் கேட்டு வைத்தேன், செலவைக் குறைக்கும் நல்லெண்ணத்தில்.

‘‘அளவு ஒத்துக்கிச்சுன்னாகூட வேணாம்’’ என்றார் பாய். பழைய டேப்பட் ஏற்கெனவே வேறொரு மூக்கோடு குடும்பம் நடத்தி அதற்கேற்ற முகம் கொண்டுவிட்டது. புது கேம் ஷாஃப்ட் மேல் பழைய டேப்பட்டை வைத்தால் புதுசையும் கெடுத்துவிடும். நல்ல பழைய கேம் ஷாஃப்ட்டில் புது டேப்பட் போடலாம். மறுபக்கம் மட்டும் கூடவே கூடாது. போட்டதைக் கழற்றினால் எது எந்தத் துளையில் இருந்ததோ அதே துளைக்குத்தான் திரும்பப் போக வேண்டும். அட்டைப்பெட்டியில் நம்பர் போட்டது அதற்குத்தான்.

எம்.ஜி.பி.க்கு உதிரி பாகங்கள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். நிறுத்தி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆன காருக்கு! ஒரு கேம் ஷாஃப்ட், எட்டு டேப்பட், பாக்கிங் ஸெட். கூரியர், கஸ்டம்ஸ் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. ரெண்டரை லட்சத்துக்கும் நாற்பதாயிரத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை சார் மனசுக்குள் அளந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. கொஞ்சம் தெம்பானார்.

என்ஜினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே எடுத்தது, டைமிங் செயின், சம்ப், ஆயில் பம்ப், டிஸ்டிரிபியூட்டரைச் சுற்றுகிற பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் கழற்றியது எல்லாம் விவரித்தால் இந்தப் பக்கம் போதாது. பழைய கேம் ஷாஃப்ட்டை முன்பக்கமாக உருவும்போது மட்டும் பாய் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார். மூக்குகள் உள்ளே பேரிங்கில் கீறிவிடக் கூடாது. குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்தார்.

புதுசைப் போடும்போது மூக்குகளுக்கும் டேப்பட் அடிகளுக்கும் மாலிப்டினம் கலந்த கறுப்புப் பசை, கண்மை மாதிரி. டேப்பட்டின் பக்கங்களுக்கு வெறும் ஆயில். ஒவ்வொரு டேப்பட்டும் துளையில் தன் பாரத்திலேயே மெதுவாக இறங்குகிறதா, விரலால் சுற்றினால் சுற்றுகிறதா என்று எட்டையும் பார்த்தார்.

இடைவெளி வைக்கும்போதுதான் நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ஒரு வால்வுக்கு இடைவெளி வைக்க, அதன் டேப்பட் மூக்கிலிருந்து முழுக்க இறங்கியிருக்க வேண்டும். எப்படித் தெரியும்? ஒன்பது கணக்கு. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார். ஏழு திறந்திருந்தால் இரண்டு. ஆறு என்றால் மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. காமர்ஸ்காரர்களுக்கு ஒன்பதைத் தெரியும். டிரையல் பேலன்ஸ் உதைத்து, வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். நான் சாரைப் பார்த்தேன். சாரும் என்னைப் பார்த்தார். அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

*

முதல் ஸ்டார்ட்தான் கண்டம். புது மூக்கும் புது டேப்பட்டும் ஒன்றோடொன்று பழகுகிற முதல் இருபது நிமிஷத்தில் கெட்டால் எல்லாம் போச்சு. மூக்குகளுக்கு ஆயில் தெறித்துத்தான் வந்து சேருகிறது. என்ஜின் மெதுவாக ஓடினால் போதுமான அளவு தெறிக்காது. அதனால் ஐடிலிங்கில் விடக் கூடாது. பிடித்த பிடியில் 2000-லிருந்து 2500 சுற்று வரை ஏற்றி, இருபது நிமிஷம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை நெடுநேரம் சுற்றுவதும் கூடாது, பசை வழித்துக்கொண்டு போய்விடும். ஒரே தொடுதலில் பிடிக்க வேண்டும். ஆகவே கார்புரேட்டரில் முன்கூட்டியே பெட்ரோல் நிரப்பி, டைமிங் சரிபார்த்து, ஆயில் பிரஷர் மீட்டரின் குழாய் சேருகிற துளை வழியாகக் கை பம்ப்பால் ஆயிலை உள்ளே செலுத்தி... ஒரு காலைப்பொழுது முழுக்க அதற்கே ஆயிற்று.

பாய் சாரைக் கூப்பிட்டார். ‘‘நீயே போடு சார்.’’

சார் சாவியைத் திருகினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பாய் கார்புரேட்டர் பக்கம் நின்று கையால் ஏற்றினார். ஆயில் மீட்டர் முள் எழுந்து 60-ஐத் தாண்டி நின்றது. ஷெட் முழுக்கப் பெயின்ட் காய்ந்த புகை. யாரும் பேசவில்லை. பையன் மொபைலில் நேரம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அஞ்சு. பத்து. ரேடியேட்டருக்கு முன் ஒரு பெடஸ்டல் ஃபேன். பக்கத்துக் கடைக்காரர் என்னவென்று எட்டிப் பார்த்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். பதினேழாவது நிமிஷம் எங்கிருந்தோ டிக் என்று கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. பாய் குனிந்தார். பையன் சட்டைப்பையில் இருந்த ஃபீலர் கேஜ், ஃபெண்டரில் தட்டியிருக்கிறது.

இருபது. பாய் கையை எடுத்தார். என்ஜின் ஐடிலிங்குக்கு இறங்கி, தாளம் தப்பாமல் நின்றது. டிக் இல்லை. அன்றைக்கே அந்த ஆயிலைச் சூடாக இறக்கிவிட்டு, புது ஃபில்டர், கனமான 20டபிள்யூ-50 ஊற்றினார்.

கோயம்புத்தூர்க்காரர் அடுத்த ஞாயிறு வந்தார். பேரம் பேச நான் பாயின்ட் பாயின்டாக எழுதி வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. அவர் கேட்பதற்கு முன்னாலேயே பாய் பழைய ஆறாம் நம்பரை அவர் கையில் வைத்தார். அவர் நகத்தால் அந்தப் பள்ளத்தைக் கீறிப் பார்த்தார். பழைய கேம் ஷாஃப்ட்டையும் கேட்டு வாங்கி, விரலால் ஒவ்வொரு மூக்காகத் தடவினார். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அரை மணி கழித்து வந்தார்.

‘‘பெயின்ட்டுக்கு மட்டும் ஒரு இருபத்தஞ்சு கொறச்சுக்கறனுங்க’’ என்றார்.

சார் சரி என்று தலையாட்டினார். சாவியை அவர் கையில் கொடுப்பதற்குப் பதிலாக வண்டிக்குள்ளேயே மாட்டிவிட்டு வந்தார்.

பாய் ஜன்னலில் குனிந்தார். ‘‘மெல்லிசு ஆயில் ஊத்தாத. அஞ்சு நூறு கிலோமீட்டர்ல ஒருக்கா டேப்பட் செட் பண்ணணும், இட்டா.’’

‘‘ஏனுங்க பாய், கோயம்புத்தூரே அஞ்சு நூறு கிலோமீட்டருங்க. போய்ச் சேர்ந்ததும் பண்ண வேண்டியதுதானுங்க. அங்க எங்க ஆளு புதுசு, இந்த என்ஜினு பார்த்ததில்லீங்க.’’

பாய் சுவரில் தொங்கிய காலண்டரில் போன மாசத் தாளைக் கிழித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பானெட் மேல் வைத்துப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். 1-8. 2-7. 3-6. 4-5. பதினஞ்சு தவ். என்ஜின் ஆறின பிறகு.